கடலோரத்தில் கோல்ப் ஆட ஓர் இடம்

கோல்ப் என்னும் ஆட்டத்துக்கும் விழுப்புரம் ஜில்லாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நெடுங்காலமாக ஒரு சம்பந்தமும் இருக்கவில்லைதான். விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பண்ருட்டிப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வண்டி மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நீண்டதொரு பையில் பதினான்கு மட்டைகளைச் செருகித் தூக்கிக்கொண்டு நடந்தவரை யார் பார்த்தார்கள்? ஆனால் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் படித்துவிட்டுப் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர் இப்போது இந்த ஆட்டத்தையும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறபோது, "பத்து நாள் ரஜா இருக்கிறது, ஸார். அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு கடற்கரை ஓரமாய் நல்ல கோல்ப் மைதானமுள்ள இடத்துக்குப் போகலாமென்று உத்தேசம். எந்த இடம் நல்லது?" என்று கேட்கிறார்கள். வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்ற பழைய நம்பிக்கை அவர்களை விட்டு இன்னும் போகவில்லை. நான் கோல்ப் மட்டையைத் தொட்டவனல்லன். ஆயினும் இந்தக் கேள்வி மட்டையைப் பற்றியது மாத்திரமன்று. மணலையும் தண்ணீரையும் கொஞ்சம் சரித்திரத்தையும் பற்றியது. ஆகையால் பதில் சொல்லத் துணிகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நம் கிட்டிப்புள்ளுக்கு இது ஒன்றுவிட்ட தமையன் என்று சொல்லலாம். சிறு வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்துக்கொண்டே போய், தூரத்தில் கொடி நட்டிருக்கும் ஒரு குழியில் தள்ள வேண்டும். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். நூறு கஜத்திலும் குழி இருக்கும், ஐந்நூறு கஜத்துக்கு அப்பாலும் இருக்கும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். எல்லாவற்றையும் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கிறவர் ஜெயித்தவர். முடிப்பதற்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலமோ நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நம் கிராமத்தில் இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறை வழக்காடுகிற குடும்பங்கள் உண்டு. நூறு ஏக்கரில் ஒரு பந்தை உருட்டுவது என்றால் அந்த நிலம் முன்னே யாருடையதாக இருந்தது என்று கேட்கத் தோன்றுவது இயற்கை.

அந்தக் கேள்விக்கு ஆட்டம் பிறந்த ஊரில் ருசிகரமான பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் கழனிக்கும் நடுவே மேடும் பள்ளமுமாய் ஒரு மணற்பட்டை கிடக்கிறது. இதை அவர்கள் 'லிங்க்ஸ்' என்பார்கள். உழவுக்கு உதவாது, மரம் நில்லாது, உப்புக் காற்று ஓயாது. குட்டையான ஒருவகைப் புல் மட்டும் அடர்ந்து முளைக்கும். அதை ஆடுகள் மேய்ந்து மேய்ந்து கம்பளம்போல் ஆக்கிவிடும். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்களில் புல் தேய்ந்து மணல் தெரியும். இன்று கோடிக்கணக்கில் செலவழித்து வெட்டுகிற 'பங்கர்' என்னும் மணற்குழிகளுக்கு மூலபுருஷர்கள் இந்த ஆடுகள்தாம் என்று சொல்வார்கள். ஆகவே கடலோரக் கோல்ப் மைதானம் என்பது ஆதியில் யாரும் கட்டியதன்று. மழை பெய்தால் மணல் உறிஞ்சிக்கொண்டது. ஆடு புல் வெட்டியது. காற்று மேடுகளை அமைத்தது. மனிதன் செய்ததெல்லாம் குழி தோண்டியது ஒன்றே.

இந்த ஆட்டத்தின் மேலுள்ள பித்து அந்நாட்டு ராஜாங்கத்தையே கவலைக்கு உள்ளாக்கியது. வாலிபர்கள் வில்வித்தையை மறந்து பந்தடிக்கப் போகிறார்கள் என்று 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்துச் சட்டசபை கோல்பைத் தடை செய்தது. தடையை ஜனங்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு, அதே தடையை மறுபடியும் இரண்டு முறை பிறப்பிக்க நேர்ந்ததே சாட்சி.

செயின்ட் ஆன்ட்ரூஸ் என்பது அக்கரையில் ஒரு சிறு பட்டணம்; பழைய சர்வகலாசாலை உள்ள ஊர். கோல்ப் ஆடுகிறவர்களுக்கு அதுதான் காசி. குழிகள் பதினெட்டு என்ற கணக்கு அங்கேதான் ஏற்பட்டது. அதற்கு முன் 22 ஆக இருந்ததை 1764இல் குறைத்தார்கள். ஆனால் எனக்கு அதிசயமாகப் பட்டது இந்தக் கணக்கன்று. அந்த மணல்வெளி ஊர்ப் பொதுச் சொத்து என்பதுதான். 1552இல் அவ்வூர்ப் பிரதம குரு கொடுத்த சாசனம், அந்த வெளியில் கோல்பும் காற்பந்தும் ஆட ஊராருக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஊர்ப் பெண்கள் துணி வெளுத்து உலர்த்தியதும் அதே புல்லில்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நகரசபை கடனில் மூழ்கவே, நிலம் முயல் வளர்க்கும் வியாபாரிகளின் கைக்குப் போயிற்று. முயல்கள் வளை தோண்டின, ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. 1821இல் பக்கத்து நிலப்பிரபு ஒருவர் அதை வாங்கி மீட்டார். பின்னர் 1894இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே செய்து ஊரார் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் 'பழைய மைதான'த்தில் ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி நடக்கும் சமயங்கள் விலக்கு. அன்று ஊரார் குழந்தை குட்டிகளோடும் நாய்களோடும் உலாவ வருகிறார்கள். மற்ற நாட்களிலும் முதற்குழிக்கும் கடைசிக் குழிக்கும் உரிய புல்வெளியைக் குறுக்காக ஒரு பொதுச் சாலை கடக்கிறது. பாதசாரி நடந்து போகும்வரையில் கோடீசுவர ஆட்டக்காரர் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்து நிற்க வேண்டும். ஆட விரும்பும் வெளியூரார் தினமும் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். சீட்டில் பெயர் வந்தால் ஆட்டம், வராவிட்டால் வேடிக்கை. ஏகாதிபத்தியம் நடத்திய தேசத்தில் இப்படியொரு ஜனநாயகம் ஒரு மணல்மேட்டின் மேல் பிழைத்திருப்பது விந்தைதான்.

அந்த விந்தையைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவர மட்டும் வெள்ளைக்காரர் மறந்துபோனார்கள். ஆட்டம் வந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ப் சங்கம் கல்கத்தாவில் 1829இல் ஏற்பட்டது. பெங்களூரில் 1876. நம் ராஜதானியில் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் மைதானங்கள் எழுந்தன. கொடைக்கானல் சங்கம் 1895இல் தோன்றியது. சென்னையில் இந்தியரும் வெள்ளையரும் சேர்ந்து 1873இல் நிறுவிய காஸ்மாபாலிடன் கிளப்புக்குப் பின்னாளில் நந்தனத்தில் கோல்ப் மைதானம் வாய்த்தது. இப்படிச் சேர்ந்து உட்கார இடம் கொடுத்த சங்கங்கள் அபூர்வம். வேறு பல கிளப்புகளில் நெடுங்காலம் இந்தியனுக்குக் கிடைத்த ஸ்தானம் மட்டைப் பையின் கீழேதான். பையைச் சுமக்கும் பையனுக்கு 'காடி' என்று பெயர். அந்தப் பையன்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெங்களூரில் காடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். கல்கத்தா மைதானத்தில் புல்லைப் பராமரித்தவருடைய புதல்வர் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அதே பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். இதைப் படிக்கையில் யாருக்குத்தான் மார்பு விம்மாது?

தமிழ்நாட்டில் வெள்ளைக்காரர் மைதானத்துக்கு மலையைத் தேடி ஓடினார்களே, ஆயிரம் கிலோமீட்டருக்குக் கடற்கரை கிடந்தும் அங்கே ஏன் இறங்கவில்லை? காரணம் புல். ஸ்காட்லாந்தின் கரையில் தானாய் முளைப்பது நம் வெயிலில் கருகிவிடும். இந்தியச் சமவெளியில் பல இடங்களில் குழியைச் சுற்றிப் புல் வளர்க்க மாட்டாமல், மணலில் எண்ணெய் கலந்து கெட்டித்து அதன்மேல் பந்தை உருட்டினார்கள். பச்சைத் தரைக்குப் பதில் பழுப்புத் தரை! இதில் ஒரு வேடிக்கை. உஷ்ண தேசத்து மைதானங்களுக்கெல்லாம் இன்று ஆதாரமாயிருக்கும் புல்லைப் பெர்முடா என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து டிப்டன் என்னும் ஊரில் அதைக் கலப்பினமாக்கிப் பல ரகங்கள் எடுத்தார்கள். சாஸ்திரப் பெயரைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு நாம் சாத்துகிற அறுகம்புல். வயலில் உழவன் களையென்று பிடுங்கி எறிவதை மைதானத்தில் தண்ணீரும் உரமும் கொட்டி வளர்க்கிறார்கள். விநாயகப் பெருமானுக்கு எங்கேயும் குறைவில்லை!

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வகுப்பிலே பையன்களுக்குப் போடுகிற கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நூற்று இருபது ஏக்கர் மைதானத்தில் பாதியளவு, அதாவது 25 ஹெக்டேர், தண்ணீர் பாய்ச்ச வேண்டிய புல் என்று கொள்வோம். நம் வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். ஆக 1,250 கன மீட்டர். அதாவது பன்னிரண்டரை லட்சம் லிட்டர். கிராமத்து வீடுகளுக்குக் குழாய்நீர் கொடுக்கும் திட்டத்தில் இந்திய சர்க்கார் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். வகுத்தால் விடை சுமார் 22,700 பேர். கோடையில் ஒரு நாள் புல்லை நனைக்கும் தண்ணீர் ஒரு பேரூரின் ஜனங்களுக்கு ஒரு நாள் போதும்.

இந்தத் தண்ணீரைக் கடலோரத்தில் எங்கிருந்து எடுப்பது? கிணற்றிலிருந்துதான். கடலை ஒட்டிய மணலுக்குள்ளே மழைநீர் ஒரு மெல்லிய படலமாய் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலேயுள்ள நல்ல நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலிருக்கும் உப்புநீர் ஏறக்குறைய நாற்பது அடி உயர்ந்துவிடும் என்பது பௌதிக சாஸ்திரம். குப்பத்து ஊற்று கரிப்பாய்ப் போவதற்கு மைதானத்துக்காரர் யாரையும் அடித்து விரட்ட வேண்டியதில்லை. மோட்டாரை ஓட்டினால் போதும்.

ஆகவே எந்தக் கடலோர மைதானம் நல்லது என்று கேட்கும் பிள்ளையிடம், படத்தைப் பார்த்து மயங்காதே, அப்பா, என்று முதலில் சொல்வேன். விளம்பரப் படத்தில் எல்லா மைதானமும் ஒன்றேதான்: கீழே பச்சை, நடுவே நீலம், மேலே வெண்மேகம். அந்தப் பச்சை எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று விசாரித்துப் பார். கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்ற பெயர் பெற்ற மைதானம் 1919இல் திறக்கப்பட்டது. பாறைமேல் அலை மோதும் காட்சிக்காக அதை உலகமே புகழ்கிறது. ஒருவர் ஒரு சுற்று ஆட 600 டாலருக்கு மேல் கட்டணம் என்பதைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் அங்கே 1994 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டு புல் வளர்க்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. உப்புநீரைத் தாங்கும் வேறொரு ஜாதிப் புல்லும் கடலோர மைதானங்களில் இப்போது பயிராகிறது. மனம் வைத்தால் வழி இருக்கிறது.

மனம் வைக்காவிட்டால் ஆட்டம் பிறந்த தேசத்திலேயே கெடுதல் நேரும். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகருக்கு வடக்கே காற்றில் நகர்ந்துகொண்டேயிருக்கும் பெரிய மணற்குன்றுகள் இருந்தன. இயற்கை விஞ்ஞானிகள் போற்றிச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இடம். அமெரிக்கச் செல்வர் டொனால்டு டிரம்ப் (பிற்காலத்தில் ஜனாதிபதியானவரேதான்) அங்கே மைதானம் போட அனுமதி கேட்டார். ஸ்தல அதிகாரிகள் மறுத்தார்கள். மேலிடத்தில் 2008இல் அனுமதி கிடைத்தது. 2012இல் மைதானம் திறந்தாயிற்று. நகரும் மணலைப் புல் நட்டு நிறுத்திவிட்டார்கள். காப்பாற்ற வேண்டிய சிறப்பு இனி அங்கே மிச்சமில்லை என்று 2020இல் அந்த இடத்தின் பாதுகாப்பு அந்தஸ்து நீக்கப்பட்டது. மணல்மேட்டின் அழகைப் பார்க்கவென்று கட்டிய மைதானம் அந்த மணல்மேட்டையே விழுங்கிவிட்டது.

நம் அண்டையிலேயே இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. கொழும்பு நகரில் கடலை ஒட்டிக் காலிமுகத் திடல் இருக்கிறது. இலங்கையிலுள்ள நம் தமிழர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸர் ஹென்றி வார்டு கவர்னராயிருந்தபோது அங்கே உலாவும் பாதை அமைத்து, நகரத்துப் பெண்டிர் பிள்ளைகளின் நன்மைக்காக இதைப் பேணுங்கள் என்று தமக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார், ஆண்டு 1859. இருபது வருஷம் கழித்து, 1879இல், கொழும்பு கோல்ப் சங்கம் தோன்றி அந்தத் திடலிலேயே ஆடத் தொடங்கிற்று. அலையோசை கேட்கக் கேட்க ஆட்டம். அதைவிட ரம்மியமான இடம் கிடைக்குமா? ஆனால் குழந்தைகளும் தாதிமாரும் உலாவும் இடத்தில் கல்லைப்போன்ற பந்து பறப்பது எத்தனை நாள் நடக்கும்? 1896இல் சங்கம் நகருக்குள் வேறிடத்துக்குப் பெயர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. கடற்கரைத் திடல் ஜனங்களுக்கே நின்றது. பட்டம் விடுகிறார்கள், இறால் வடை தின்கிறார்கள். 2022இல் விலைவாசியும் தட்டுப்பாடும் தாங்க மாட்டாமல் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடாரம் அடித்து, ஜனாதிபதி பதவி விலக வேண்டுமென்று ஏப்ரல் முதல் ஜூலை வரையில் உட்கார்ந்திருந்தது அந்தத் திடலில்தான். துரைமார் பந்தடித்த புல்லில் ஒரு ஜனாதிபதியின் பதவி உருண்டது.

இனி நம் கரைக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அதில் வரும் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் சொல்வர். ஆற்றுப்படை என்பதே, எந்த வழியாகப் போ, எங்கே தங்கு, அங்கே என்ன உண்ணக் கொடுப்பார்கள் என்று வழிப்போக்கனுக்குச் சொல்லுகிற பாட்டல்லவா? ஆகவே கடற்கரைக்குச் சுற்றுலாப் போக ஆலோசனை சொல்வதில் நம் பக்கத்துக்கு இரண்டாயிரம் வருஷ அனுபவம் இருக்கிறது என்று நாம் கொஞ்சம் கர்வப்படலாம். பரதவர் வீட்டுச் சுட்ட மீனைக்கூட அந்தப் புலவர் மறக்கவில்லை.

மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் ஒரு பக்கம் சவுக்குத் தோப்பையும் மணல்மேட்டையும் காண்பார்கள். மனை விற்பனைப் பலகைகளையும் காண்பார்கள். "ஸ்காட்லாந்தில் இருப்பது போன்ற மணல்வெளி இங்கேயும் இருக்கிறதே! வெளிநாட்டார் வருவார்கள், பணம் வரும், நாமே ஒரு மைதானம் போட்டால் என்ன?" என்று படித்த இளைஞர்களே பேசக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த மணல் சும்மா கிடக்கிறது என்று நினைப்பதுதான் தவறு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, சதுப்பு மரங்களும் சவுக்குத் தோப்புகளும் காவலிருந்த ஊர்கள் சேதம் குறைந்து தப்பியதைக் கடலூர்க் கரையில் ஆராய்ச்சியாளர் கண்டு எழுதியிருக்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அன்றைய வெள்ளத்தை நம் ஜில்லாவில் யார் மறப்பார்கள்? கடலோர மணல் அப்படிப்பட்ட மழையை உறிஞ்சிக் கோடைக்குச் சேமித்து வைக்கும் பத்தாயம். அதை மட்டப்படுத்திக் குழாய் பதித்து, அதிலிருந்தே இறைத்துப் புல்லுக்கு ஊற்றுவது பத்தாயத்தை உடைத்து அடுப்பெரிப்பதற்கு ஒப்பாகும். சட்டமும் இடம் கொடுக்கவில்லை. மணல்மேடுகளை அழகுக்காகவோ கேளிக்கைக்காகவோ மாற்றி அமைக்கக் கூடாது என்று மத்திய சர்க்காரின் கடற்கரை அறிவிப்புகள் 1991இலும் 2011இலும் கூறின. அறிவிப்பு காகிதத்தில் இருக்கிறது. மேடு கரையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண் ஊராருக்கு வேண்டும்.

கடற்கரை யாருடையது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களை நடத்திக்கொண்டு போனதும் ஒரு பிடி உப்பை அள்ளும் உரிமைக்காகத்தானே? மரக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம் விரிந்திருக்கிறது. அதில் வெயிலில் நின்று வாருகிறவர்களுக்கு அந்த வெளி காட்சியன்று, சோறு.

அப்படியானால் ஆடப் போகிற பிள்ளை எங்கேதான் போவது? கையில் பணமிருந்து ஆசையும் தீராதிருந்தால், ஒரு முறை செயின்ட் ஆன்ட்ரூஸுக்கே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று இடையில் வரும்படி திட்டமிடட்டும். அன்று அப்பாவும் அம்மாவும் அந்தப் புல்லில் உரிமையோடு நடக்கலாம். இதை நான் சாதாரண விஷயமாக எண்ணவில்லை. பிள்ளை நாலு மணி நேரம் பந்தின் பின்னால் போய்விட்டால், திண்டிவனத்திலிருந்து உடன் வந்த பெற்றோர் ஹோட்டல் தாழ்வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? ஆடாதவர்கள் காலாற நடக்க இடமில்லாத மைதானம் எவ்வளவு அழகானதாயிருந்தாலும் குடும்பத்தோடு போகிறவருக்கு உதவாது. இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் கடிதம் எழுதிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே என்பது என் அபிப்பிராயம்.

அவ்வளவு தூரம் வேண்டாமென்றால், இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டையில் 2016இல் ஒரு பெரிய ஹோட்டலோடு பதினெட்டுக் குழி மைதானம் திறந்திருக்கிறார்கள், கடல் பக்கத்திலேயே. திரும்பும் வழியில் கொழும்பில் ஒரு மாலையைக் காலிமுகத் திடலுக்கு ஒதுக்கலாம். நம் தேசத்துக்குள்ளேயே என்றால் விசாகப்பட்டினம் நல்ல ஊர். மலையும் வங்கக் கடலும் அடுத்தடுத்து நிற்கும். அங்கே ஈஸ்ட் பாயிண்ட் என்ற பழைய கோல்ப் சங்கம் இருக்கிறது. விழுப்புரம் வழியாக வங்காளம் போகும் ரயில்கள் ஆந்திரக் கரையை ஒட்டியே ஓடுகின்றன. வண்டி மாறாமல் போகலாம். ராமகிருஷ்ணா கடற்கரையில் பெரியவர்கள் எத்தனை நாழிகை வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்; கேட்பாரில்லை. இந்த இடங்களிலெல்லாம் விருந்தாளிக்கு ஆட அனுமதி உண்டா, எந்த நாட்களில், என்ன கட்டணம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நலம். சங்கங்களின் விதிகள் மாமியார் வீட்டு விதிகளைப்போல. வாசலில் போய் நின்றபின் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

ஆட்டம் ஒன்றுதான் முக்கியம், கடல் இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்கிறவருக்குக் கொடைக்கானல் போதும். மழை கொடுத்த பச்சை, குளிர்ந்த காற்று. சில சமயம் காட்டெருமைகள் மைதானத்தில் புகுந்து பந்தின் பக்கத்தில் நின்று மேயும். அப்போது ஆட்டத்தின் எந்த விதியும் செல்லாது. எருமை போகும்வரை நிற்க வேண்டும்!

கடலை மாத்திரம் தனியே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மட்டைப் பை வேண்டியதில்லை. திண்டிவனத்தில் காலையில் மரக்காணம் பஸ் ஏறினால் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் உப்பளத்துக்குப் போய்விடலாம். வடக்கே கடப்பாக்கத்துக்கு அருகில், செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1760இல் ஆங்கிலேயர் இடித்துப் போட்டது. இடிந்த செங்கல் மதிலின் கீழே உப்பங்கழியும் அதற்கப்பால் மணல்திட்டும் கடலும் தெரியும். மேற்கே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தென்னாட்டின் பெரிய உப்பங்கழி ஏரி அது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. டிசம்பர் ரஜாவில் வருகிறவர்கள் உப்பைப் பார்க்க முடியாது. பாத்திகளெல்லாம் மழைநீருக்கடியில் கிடக்கும். அந்த மாதங்களில் கழுவெளிக்குத்தான் போக வேண்டும். விடியற்காலையில் போனால் தூர தேசத்துப் பறவைகள் கூட்டங்கூட்டமாய் இறங்கியிருக்கும். வெயில் காலத்தில் வருகிறவர்கள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொண்டு வரட்டும். பாத்தியில் பூத்த உப்பின் ஒளி பத்து மணிக்கெல்லாம் கண்ணைக் கூசச் செய்யும்.